அறிவிக்க ஏதும் உண்டா

கேள்வி கேட்பதுதான் என் வேலை,
ஆண்டீஸ் கணவாயில், சீலேயின் வாசலில்.
விதை உண்டா, பழம் உண்டா,
தேன், பாலாடைக்கட்டி, அவிக்காத முட்டை?
மென்டோசா பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்.
இல்லை என்பார்கள் எல்லோரும்.
அப்புறம் பையைத் திறப்பேன்.

அந்த ஆகஸ்டில் பத்து நாள்
பணியாளர் கழிவறையில்
வெப்பமூட்டியின் மேல் ஒரு காலை ஊன்றி
எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
இன்று இடம், நாளை வலம்.
மருந்து இருந்தது பறிமுதல் குளிர்பெட்டியில்,
யாரோ அழுதுகொண்டே விட்டுப்போன
பன்றித்தொடைக்குப் பக்கத்தில்.
நூபியா அஸ்துதிஜோ, தொடாதீர்
என்று எழுதி ஒட்டியிருந்தேன்.
ஒஸ்வால்தோ தொட்டுப் பார்த்துவிட்டு
சர்க்கரையா என்றான்.
ஆமாம் என்றேன்.
பொய் அறிவிப்புக்கு அபராதம் எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.

கிளினிக் சந்தியாகோவில், பதினோராம் மாடி.
இறங்கும் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள்,
ஊசிக்குப் போகும் வழியிலும் ஊசி
என்று ரமிரோ சிரிக்கவைத்தான், முதல் இரண்டு முறை.
அங்கே நாற்காலிகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டாமென
யாரோ யோசித்திருக்கிறார்கள்.
டாக்டர் வில்செஸ் திரையில் கறுப்புக் குமிழ்களை எண்ணினார்.
வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் மூன்று.
எத்தனை தவணை என்றாள் காசாளர்.
லாரியை விற்றதுபோக
இருபத்து நான்கு.

கடைசி ஊசி வெள்ளி இரவு பத்து நாற்பதுக்கு,
ஒரு நிமிடம் முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம்,
அதிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்தில்
நீ இந்த மேசையில் படுத்திருக்க வேண்டும்,
பிந்தினால் முட்டைகள் தாமே கிளம்பிவிடும்
என்றாள் நர்ஸ் யஸ்னா.
வெள்ளி மாலை பனி கொட்டியது.
சாலையை மூடினார்கள்.

பத்து நாற்பதுக்கு மின்சாரமும் இல்லை.
ஒஸ்வால்தோ டார்ச் பிடித்தான்,
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு.
வெளிச்சம் என் வயிற்றில் நடுங்கியது.
சர்க்கரை இல்லை, அப்படித்தானே என்றான்.
பிறகு எதுவும் கேட்கவில்லை.
யார் யாருக்கோ ரேடியோவில் பேசினான்.

சனி இரவு, பனி வாரும் வண்டியில்
ஓட்டுநருக்குப் பக்கத்தில் என்னை ஏற்றினார்கள்.
எவரிஸ்தோ என்று பெயர், பெரிய கைகள்.
ஆறாவது வளைவில் சட்டைப்பையிலிருந்து
ஒரு ஆப்பிளை எடுத்தான்.
அர்ஜென்டினா ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.
என் சீருடையைப் பார்த்தான்.
பாதி வெட்டி நீட்டினான்.
பன்னிரண்டு மணிக்கு மேல்
தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது.
அப்போது பதினொன்று இருபது.
தின்றேன், கொட்டையோடு.

ஏழு எடுத்தார்கள்.
திங்கள் காலை போனில் நான்கு என்றார்கள்,
புதன் மூன்று.
வெள்ளி ஒன்று.
அந்த ஒன்றை உள்ளே வைத்தபோது
திரையில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது.
பனித்துளிபோல இல்லையா என்றாள் யஸ்னா, அன்பாக.
எனக்குப் பனியைத் தெரியும்.
அது அப்படி இல்லை.
எதுபோலவும் இல்லை.
ரமிரோ என் கட்டைவிரலை மட்டும் பிடித்திருந்தான்.

பத்தாம் நாள் காலை ரத்தம் எடுத்தார்கள்.
முடிவு நான்கு மணிக்கு மேல்.
வீட்டில் உட்கார முடியாமல் பணிக்கு ஏறினேன்.

நான்கரைக்கு வந்த பேருந்தில் ஒரு தம்பதி.
அந்த அம்மாளின் கைப்பைக்குள்
ஈரத்துணி சுற்றிய ஒரு சீமைமாதுளங் கன்று,
இரண்டே இலை.
வேலியோரம் தானாக முளைத்தது என்றாள்,
நாங்கள் நட்டது இல்லை என்றார் அவர்,
அதனால் குற்றம் குறையும் என்பதுபோல.
படிவத்தில் உயிருள்ளவை என்ற இடத்தில்
இல்லை என்று குறியிட்டிருந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று பேர்,
வெளியே சங்கிலி கட்டிய லாரிகள்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

பேனாவை அவர்கள் பக்கம் தள்ளினேன்.
அவசரமில்லை என்றேன்,
இன்னொரு முறை யோசித்து எழுதுங்கள்.
அது அதிர்ந்துகொண்டே இருந்தது.